பச்சை விளக்கு

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே பெட்டகம் என்றொரு பொருள் இருந்தது. காணி உறுதியும் தாலிக்கொடியும் கூறைச் சேலையும் சாதகக் கட்டும் ஏட்டுச் சுவடியும் அதற்குள்ளேயே கிடக்கும். திறப்பு வீட்டுத் தலைவியின் இடுப்பிலே இருக்கும். கொக்குவிலில் உள்ள ஒரு வீட்டிலே அப்பெட்டகம் இன்றும் உண்டு. ஆயின் அதற்குள்ளே பழைய திரைச்சீலைகளும் கிழிந்த தலையணை உறைகளுமே இருக்கின்றன. அவ்வீட்டின் செல்வம் பெட்டகத்தின் மேலே இருக்கின்றது. உள்ளங்கையளவான ஒரு சுற்றுப்பலகை, அதனோடு பிணைத்த இரண்டு வன்தட்டுகள், சுவரில் அறைந்த ஆணியிலே தொங்கும் வழிப்படுத்தி, கீழே நிலத்திற் பலகைத் துண்டின்மீது ஒரு கார்ப் பற்றரி. இரவிலே வீட்டு விளக்குகள் யாவும் அணைந்த பின்னரும் சுற்றுப்பலகையின் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். அவ்வீட்டு முதியவர் அதனை வழங்கி என்று சொல்வதில்லை, பெட்டி என்பார். "பெட்டி முழிச்சிருக்கோ, தம்பி?" என்று கேட்டறிந்த பின்னரே படுக்கப் போவார்.

வழங்கி என்பது வியத்தகு பொருளன்று. கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்காக எந்நேரமும் விழித்திருக்கும் கணினி எதுவும் வழங்கியே. பெரிய நிறுவனங்கள் மண்டபம் மண்டபமாக அடுக்கி வைத்திருப்பவையும் அவையே. கொக்குவில் வீட்டுப் பெட்டகத்தின் மேல் இருப்பதும் அதுவே. வேறுபாடு யாதெனில், மண்டபத்திலே ஒன்று விழுந்தால் இன்னொன்று எழுந்து நிற்கும். வீட்டிலே ஒன்று விழுந்தால், பல்கலைக்கழகத்திலே கலைப்பீடத்தில் மெய்யியல் கற்கும் பேரன் விரிவுரையை விட்டுவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து சைக்கிளில் ஓடிவர வேண்டும்.

அப்பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் எல்லா வீடுகளிலும் இருப்பவைதாம்: கலியாணப் படங்கள், மரணச் சடங்குப் படங்கள், காணி உறுதிகளின் பிரதிகள். இவற்றினும் மேலாக அவ்வீட்டார் மதிப்பன சில ஒலிப்பதிவுகள். முதியவரின் தந்தையார் ஊர்க் கோயிலிலே கந்தபுராண படனத்துக்குப் பயன் சொல்லி வந்தவர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிக்க, மற்றொருவர் அதனைப் பிரித்துப் பொருள் விரிக்கும் அம்மரபு யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே எவ்வளவு ஆழமாக வேரூன்றி இருந்தது என்பதை இவ்விதழின் வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அப்போது இளம் ஆசிரியராக இருந்த முதியவர், 1984 ஆம் ஆண்டிலே கசெற் வானொலிப் பெட்டியொன்றைக் கோயிலுக்குக் கொண்டுசென்று, தந்தையாரின் முன்னே வைத்துப் பதிந்தார். ஒரு மணிநேரக் கசெற்றுகள் பல. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அவர் சைக்கிளிலே கட்டிக்கொண்டு போனது ஒரு பிஸ்கற் தகரத்தையும் உறுதிக் கட்டையும் மட்டுமே. திரும்பி வந்து பார்த்தபோது, வீட்டிலே விட்டுச்சென்ற கசெற்றுகள் இல்லை. தகரத்திற் போனவற்றுள் எட்டு எஞ்சின.

அவ்வெட்டினையும் 2021 ஆம் ஆண்டிலே, பெருந்தொற்றினால் விரிவுரைகள் கைபேசிக்குள் நடந்த காலத்தில், பேரன் எண்ணிம வடிவுக்கு மாற்றினான். மாற்றியவற்றை எங்கே வைப்பது என்ற வினா அதன் பின்னரே எழுந்தது. ரொறன்ரோவிலுள்ள சின்னம்மா, பெரு நிறுவனம் ஒன்றின் சேமிப்பிலே போட்டுவிடச் சொன்னார். முதியவர் இணங்கவில்லை. 1981 ஆம் ஆண்டு மே முடிந்து யூன் பிறந்த அந்த இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்து ஓடிப்போய்ப் பார்த்தவர்களுள் அவரும் ஒருவர். ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றோடு ஏட்டுச் சுவடிகள். நம்முடையதைப் பிறர் கையிலே வைத்திருத்தல் ஆகாது என்று அவர் அதிலிருந்து கற்றுக்கொண்டார். "வீட்டுச் சாமான் வீட்டிலை இருக்கட்டும்" என்றார்.

இக்கூற்றிலே பாதியே உண்மை என்பது பேரனுக்கு அப்போதே தோன்றியதுண்டு. எரிந்த நூலகம் பிறர் கையிலே இருந்தமையால் மட்டும் எரியவில்லை. அவற்றுட் பல வேறெங்கும் இல்லாதிருந்தமையாலேயே அந்த இழப்பு மீளா இழப்பாயிற்று. சிறுப்பிட்டியிலே 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இலே கலித்தொகையை அச்சேற்ற முடிந்தது எவ்வாறு? ஒரே பெட்டகத்திலே ஒரே சுவடி என்றிருந்தால் முடிந்திராது. வெவ்வேறு ஊர்களிலே, ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டிலே எழுதி வைத்துக்கொண்டே வந்தமையால் அன்றோ அவருக்கு ஒப்புநோக்கப் பிரதிகள் கிடைத்தன! 1998 இலே தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இலே ஈழத்து நூல்களுக்கெனத் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் செய்வது ஒருவகையில் அந்த ஏடெழுதுவோர் வேலையே. பேரன் இதனை அம்மப்பாவுக்கு எடுத்துச் சொன்னான். முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மூலப் பிரதி கொக்குவிலில் இருக்கும். அதன் படி ஒன்று இரவுதோறும் தானாகவே ரொறன்ரோவிலுள்ள சின்னம்மா வீட்டுக் கணினிக்குப் போய்ச்சேரும்.

சொல்வது எளிது. எட்டுக் கசெற்றும் ஏறத்தாழ 4.8 கிகாபைற்று. அவ்வீட்டுச் செப்புக்கம்பி இணைப்பின் வழியாக வெளியே அனுப்பும் வேகமோ வினாடிக்கு ஒரு மெகாபிற்று. கணக்குப் பார்த்தால் இடைவிடாது ஏறத்தாழப் பதினொரு மணிநேரம் அனுப்ப வேண்டும்.

அனுப்புவதற்கு முன்னே இன்னொரு தடை. இணையத்திலே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகவரி இருக்கும் என்றே பலர் எண்ணுகின்றனர். பழைய முகவரி முறையிலே இருக்கத்தக்க முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. அவற்றை உலகெங்கும் பகிர்ந்தளிக்கும் மைய அமைப்பு தன் கையிலிருந்த கடைசிப் பங்கை 2011 பெப்ரவரி 3 இலே கொடுத்து முடித்துவிட்டது. ஆகவே இணைப்பு வழங்குவோர் பல வீடுகளை ஒரே முகவரிக்குள் அடக்குகின்றனர். சீதனமாகப் பிரித்துக் கொடுத்த வளவிலே நான்கு வீடுகள் எழும்பியிருக்கும். வரி இலக்கம் மட்டும் பழைய ஒன்றே. உள்ளேயிருந்து கடிதம் போடலாம். வெளியேயிருந்து வரும் கடிதத்தோடு தபாற்காரர் படலையிலே நின்று, எந்த வீடென்று தெரியாமல் திரும்பிப் போவார். கொக்குவில் வீட்டின் நிலையும் இதுவே. வழிப்படுத்தியிலே எந்தக் கதவைத் திறந்துவிட்டும் பயனில்லை என்பதைப் பேரன் கண்டறிய மூன்று வாரம் சென்றது.

இதற்கு மாற்று, வீடு தானே வெளியே ஆளனுப்பிக் கேட்பது. சிங்கப்பூரிலே சிறு வழங்கியொன்றை மாத வாடகைக்கு எடுத்து, வயர்காட் என்னும் மென்பொருளால் அதற்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சுரங்கப் பாதை அமைத்தான். வீட்டுப் பெட்டி இருபத்தைந்து வினாடிக்கு ஒருமுறை அங்கே எட்டிப் பார்த்து வழியைத் திறந்தே வைத்திருக்கும். சின்னம்மாவின் கணினி சிங்கப்பூர்ப் படலையிலே வந்து கேட்டால், பதில் கொக்குவிலிலிருந்து போகும். 2021 ஆம் ஆண்டு முடிவதற்குள் எட்டுக் கசெற்றும் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தன. பூட்டனாரின் குரலைச் சின்னம்மா பனிக்காலத்து விடியற்காலையிலே கேட்டு அழுததாகச் செய்தி வந்தது.

பின்னர் வந்தது 2022.

அவ்வாண்டு மார்ச்சு முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை நாடறியும். பேரன் கடையிலே வாங்கிய யூ.பி.எஸ். பெட்டிக்குள் இருந்தது 12 வோல்ற்று, 7 அம்பியர் மணிப் பற்றரி. கணக்கிலே 84 வாற்று மணி. சுற்றுப்பலகைக்கும் தட்டுகளுக்கும் 12 வாற்று, வழிப்படுத்திக்கு 8 வாற்று. நான்கு மணிநேரம் தாங்க வேண்டியது இரண்டரையிலே விழுந்தது. விழுந்து எழுந்து விழுந்து எழுந்து, இயங்குதளம் இருந்த நினைவக அட்டை இருமுறை பழுதாயிற்று. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் போனால் எழுத்து அரைகுறையாய் நிற்கும், அட்டவணையே சிதையும். ஏடெழுதுபவனின் கையை இடையிலே தட்டிவிடுவது போன்றது அது.

பேரன் இன்னும் பெரிய யூ.பி.எஸ். வாங்கக் காசு சேர்க்கலானான். முதியவர் சிலநாள் இதனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"தம்பி, பற்றரியிலை இருக்கிறது எத்தினை வோல்ற்?"

"பன்னிரண்டு, அம்மப்பா."

"அந்தப் பெட்டி அதை என்னவாக்குது?"

"இருநூற்று முப்பது."

"நீ கொழுவியிருக்கிற சாமானுக்கு எத்தினை வேணும்?"

"றவுட்டருக்குப் பன்னிரண்டு. மற்றதுக்கு அஞ்சு."

"அப்ப என்னத்துக்கடாப்பா ஏத்தி இறக்கிறாய்?"

1990 இன் பின்னர்க் குடாநாட்டிலே மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளை அவர் கடந்து வந்தவர். உலர் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோ தரும் ஆறு வோல்ற்று ஆடலோட்ட மின்னை நான்கு இருவாயிகளால் நேரோட்டமாக்கி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. ஒருவர் சுற்ற, மற்றவர் கேட்பார். செய்தி முடியுமுன் சுற்றுபவர் களைத்தால் அன்றைய போர்ச் செய்தி அரைகுறையாய் நிற்கும். சிறிதளவு மின்னையும் வீணாக்காமற் பயன்படுத்தும் கலையை அந்த ஆண்டுகள் அவருக்குக் கற்பித்திருந்தன. மின்னை உயர்த்துவதிலே ஓரிழப்பு, மீண்டும் தாழ்த்துவதிலே ஓரிழப்பு. இவ்விரண்டையும் நீக்கினால் போதும் என்றார்.

பெற்றோல் இன்மையால் அப்போது ஊரிலே கார்கள் ஓடாது நின்றன. உறவினர் ஒருவரின் காரிலிருந்து 45 அம்பியர் மணிப் பற்றரியொன்றை இரவல் பெற்று வந்தனர். முழுவதையும் வடித்தாற் பற்றரி கெடும். பாதியை மட்டும் எடுப்பதென்றாலும் 270 வாற்று மணி. இருபது வாற்றுக்குப் பதின்மூன்றரை மணிநேரம். வெட்டோ பதின்மூன்று. வழிப்படுத்தியை நேரே பற்றரியிற் கொழுவி, சுற்றுப்பலகைக்கு மட்டும் ஐந்து வோல்ற்றாகத் தாழ்த்தும் சிறு கருவியொன்றைப் பொருத்தினர். அன்றிரவு ஊர் முழுவதும் இருண்டு கிடக்க, பெட்டகத்தின் மேலே பச்சை விளக்கு எரிந்தது. முதியவர் நாற்காலியை அதற்கு முன்னே இழுத்துப்போட்டு இருந்தார்.

இவ்விடத்திலே மின்கட்டணம் பற்றியும் சிறிது சொல்லலாம். தொடக்கத்திலே பேரன் பழைய மேசைக் கணினியொன்றையே வழங்கியாக வைத்திருந்தான். எழுபது வாற்றுக் குடிக்கும் அது மாதத்துக்கு ஐம்பது அலகு தின்றது. அறுபது அலகுக்குக் குறைந்த வீடுகளுக்கு ஒரு வீதமும் அதனைத் தாண்டிய வீடுகளுக்கு வேறொரு வீதமும் அறவிடும் நாட்டிலே இது சிறிய விடயமன்று. 2022 ஓகத்திலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெருமளவு கூட்டப்பட்டபோது மேசைக் கணினி இருந்திருந்தால், முதியவரின் ஓய்வூதியம் பெட்டியின் பசிக்கே போயிருக்கும். சிறு பலகையும் தட்டுகளும் ஒன்பது அலகுக்கு மேற் கேட்பதில்லை.

பற்றரி வந்த பின்னரும் சில வேளை விநியோகம் தாமதித்து வரும், பெட்டி விழும். அப்போதுதான் விந்தையான நோயொன்று தலைகாட்டியது. மின் மீண்டதும் பெட்டி எழும்பும். பச்சை விளக்கு எரியும். வீட்டுக்குள்ளே யாவும் ஒழுங்காக நடக்கும். வெளியே இணையமும் உண்டு. ஆயினும் சிங்கப்பூர்ச் சுரங்கம் மட்டும் திறக்காது. பேரன் வயர்களைக் கழற்றிப் பூட்டுவான், வழிப்படுத்தியை மாற்றுவான், திட்டுவான். அரைமணியோ ஒரு மணிநேரமோ கழிந்து, அவன் கைவிட்டுவிட்டுச் சாப்பிட இருந்ததும் தானாகவே திறந்துகொள்ளும். தானாகத் தீரும் நோயே மருத்துவனுக்குப் பெரும் பகை. கடைசியாகத் தொட்ட பொருளே காரணம் என்று எண்ணச் செய்துவிடும்.

மெய்யியல் மாணவனாகிய அவனுக்கு அளவையியல் இங்கே கைகொடுத்தது. உள்ள இடத்தில் உண்டு என்பதும் இல்லாத இடத்தில் இல்லை என்பதும், அந்நுவயமும் வெதிரேகமுமாகிய இரண்டும் கூடினாலன்றி ஏது உறுதிப்படாது என்று தேர்விலே எழுதியவன், வீட்டிலே ஒரே நேரத்தில் ஐந்து பொருளை மாற்றிவிட்டு எது காரணமென்று தேடிக்கொண்டிருந்தான். பின்னர்க் கொப்பியொன்றை எடுத்து, விழுந்த நேரம், எழுந்த நேரம், சுரங்கம் திறந்த நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதத் தொடங்கினான், ஒன்றையும் தொடவில்லை. நான்காம் நாள் கொப்பியிலே ஒன்று தெரிந்தது. சுவர் மணிக்கூட்டிலே பதினொன்று ஐம்பது. பெட்டி தன் குறிப்பிலே பதினொன்று ஐந்து என்று எழுதியிருந்தது.

மேசைக் கணினிகளிலே நாணயமளவான ஒரு பற்றரி நேரத்தைக் காத்து நிற்கும். அச்சிறு பலகையிலே அது இல்லை. எழும்பும்போது, தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தையே இப்போதைய நேரமென்று கொள்ளும். பின்னர் இணையத்திலே கேட்டுத் திருத்திக்கொள்ளும். சுரங்க மென்பொருளோ பழைய செய்தியை ஒற்றுக்கேட்டவன் மீண்டும் அனுப்பி ஏமாற்றாதிருக்கும் பொருட்டு, ஒவ்வோர் அறிமுகத்தோடும் நேரத்தை முத்திரையாக இட்டு அனுப்புவது. முன்னர்க் கண்ட முத்திரையிலும் பழையதைச் சிங்கப்பூர் ஏற்காது. பெட்டி எழும்பி நேற்றைய மனிதனைப் போல அறிமுகம் செய்ய, படலை சாத்தப்பட்டது. நேரத்தை இணையத்திலே கேட்டுத் திருத்தலாமே எனின், பேரன் பாதுகாப்புக் கருதி எல்லா விசாரணைகளையும் சுரங்கத்தின் வழியே அனுப்பும்படி வைத்திருந்தான். சுரங்கம் திறக்க நேரம் வேண்டும். நேரம் அறியச் சுரங்கம் வேண்டும். பெட்டியின் மணிக்கூடு மெல்ல ஓடி, விழுந்த நேரத்தைக் கடந்ததும் கதவு திறந்தது. விந்தை அவ்வளவே.

இதனைக் கேட்டு முதியவர் வெகுநேரம் சிரித்தார். 1996 இலே இலங்கை அரசு மணிக்கூட்டை முதலில் ஒரு மணிநேரம் முன்னே தள்ளி, பின்னர் அரைமணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரிலிலே மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டும் வன்னியிலே புலிகளின் பகுதியிற் பழைய நேரமே ஓடிற்று. கலியாணவீட்டு அழைப்பிதழிலும் பழைய நேரமா, புது நேரமா என்று கேட்டறிய வேண்டியிருந்தது. "நேரம் பிழைச்சவனை வாசலிலை மறிக்கிறது எங்களுக்குப் புதினமில்லைத் தம்பி" என்றார். நாணயப் பற்றரியோடு கூடிய சிறு மணிக்கூட்டுச் சில்லொன்றைப் பலகையிலே பொருத்தியதும் அந்நோய் ஒழிந்தது.

இவ்வெற்றியே பேரனைக் கெடுத்தது எனலாம். 2023 பெப்ரவரியிலே ஒழுங்கான மின்வெட்டும் நின்றது. பெட்டி மாதக்கணக்கில் விழாது நின்றது. கொப்பி எழுதுவதை அவன் விட்டான். பெட்டகத்தைக் கடந்து போகும்போது பச்சை விளக்கைப் பார்ப்பான். எரிந்தால் எல்லாம் சுகம். அளவை நூலார் இதற்கு ஏதுப்போலி என்று பெயர் வைத்திருக்கின்றனர். பச்சை விளக்கு மின் வருகின்றது என்பதற்குச் சான்றேயன்றி, படி போகின்றது என்பதற்குச் சான்றன்று.

அவ்வாண்டு ஓகத்திலே கரவெட்டியிலிருந்து ஓர் எதிர்பாராத பொருள் வந்தது. 1995 இடப்பெயர்விலே சில மாதம் தங்கியிருந்த உறவினர் வீட்டின் பரணிலிருந்து இன்னும் மூன்று கசெற்றுகள் அகப்பட்டன. ஈரத்தினாற் பூஞ்சணம் பிடித்திருந்தவற்றைத் துடைத்து ஓட்டியபோது, மூன்றாவதன் தொடக்கத்திலே எவரும் எதிர்பாராத ஒன்று கேட்டது. மற்றெல்லாக் கசெற்றுகளிலும் தந்தையார் நேரே விநாயகர் துதியோடு தொடங்குவார். இதிலே மட்டும் தொண்டையைச் செருமி, "தம்பி, போட்டாச்சோ? ஓடுதோ?" என்று கேட்கின்றார். "ஓமோம், ஐயா" என்று ஓர் இளங்குரல் சொல்கின்றது. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட தம் குரலை முதியவர் அடையாளங் காணவில்லை. தந்தையின் குரலை அடையாளங் கண்டார். புராணம் அல்லாத சொல் அவருடைய குரலிலே எஞ்சியது அவ்வளவுதான். அன்று அவர் அதனை ஏழெட்டு முறை போட்டுக் கேட்டார்.

அக்கசெற்றின் மறுபக்கம் முடியும் தறுவாயில் நாடா உருளையிற் சுற்றிக் கசங்கியது. பதிவு முடிந்துவிட்டமையால், கசங்கிய ஏழெட்டு மீற்றரைப் பேரன் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினான்.

ஒக்ரோபர் கடைசியிலே இடிமழை. மின்சார வழியிலே காப்புக் கருவி இருந்தது. தூணிலிருந்து வரும் செப்புக்கம்பிக்கு இல்லை. மின்னல் அந்த வழியால் வந்தது. வழிப்படுத்தி, வலையமைப்பு வயர், சுற்றுப்பலகை, இரு தட்டுகள் யாவும் ஒரு கணத்தில் எரிந்தன. இரண்டு தட்டும் ஒன்றுக்கொன்று ஆடியாக எழுதப்பட்டு வந்தவை. ஒன்று கெட்டால் மற்றது உண்டு என்னும் நம்பிக்கை. ஒரே வயரிலே தொங்கிய இரண்டுக்கும் ஒரே இடிதான் விழுந்தது. "சின்னம்மாட்டை இருக்குத்தானே" என்று பேரன் அமைதியாகவே ரொறன்ரோவுக்கு எடுத்தான். சின்னம்மாவிடம் எட்டுக் கசெற்றுகள் இருந்தன. பதினொன்று இல்லை.

நிகழ்ந்தது இது. படி போகும்போது இன்னொரு படியெடுப்பு குறுக்கிடாதிருக்க, வேலை தொடங்கியதும் சிறு கோப்பொன்றை அடையாளமாக வைத்து, முடிந்ததும் அழிக்கும்படி அவன் எழுதியிருந்தான். உள்ளே ஆளிருக்கிறது என்று கதவிலே தொங்கும் பலகை போல. ஓகத்து மாதம் ஓரிரவு இரண்டு மணிக்குப் படி போய்க்கொண்டிருக்கையிலே மின் போயிருக்கின்றது. அக்காலத்திற் கார்ப் பற்றரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர். பெட்டி மீள எழும்பியது. பலகை தொங்கியபடியே நின்றது. அதன் பின் இரவுதோறும் படியெடுப்பு வந்து, பலகையைப் பார்த்து, உள்ளே ஆளிருக்கிறதென்று நினைத்து, சத்தமின்றித் திரும்பிப் போயிருக்கின்றது. ஏறத்தாழ இரண்டரை மாதம். சின்னம்மாவின் கணினியிலே கடைசியாக வந்த கோப்பின் திகதியைப் பார்த்தே இதனை ஊகிக்க முடிந்தது.

மூல நாடாக்களை எறியாதது நல்லூழ். மூன்றையும் மறுபடி ஓட்டினர். இரண்டு பழுதின்றி மீண்டன. மூன்றாவதை ஓட்டியபோதுதான் வெட்டிய துண்டின் விலை தெரிந்தது. கசெற்றிலே இரு பக்கமும் ஒரே நாடாவிலேயே பதிவாகின்றன. ஒன்றின் முடிவு நிற்கும் நாடாவிலேதான் மற்றதன் தொடக்கம் இருக்கின்றது. மறுபக்கத்தின் கடைசி இரண்டரை நிமிடத்தை வெட்டியவன், முதற் பக்கத்தின் தொடக்க இரண்டரை நிமிடத்தையும் அறியாமலே வெட்டிவிட்டான். முடிவிலே, சூரபன்மன் வதைப் படலத்திற் சூரன் கடல் நடுவே மாமரமாய் நிற்க, வேல் செல்லுமுன் குரல் அறுகின்றது. தொடக்கத்திலோ துதியின் நடுவிலிருந்தே கேட்கின்றது.

பேரன் இதனைச் சொல்ல இரண்டு நாள் எடுத்தான். முதியவர் கேட்டுவிட்டு, "நான் கேட்டிட்டன்தானே" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு பெட்டி முழிச்சிருக்கோ என்று கேட்கவில்லை. முழித்திருக்கப் பெட்டியும் இருக்கவில்லை.

புதுப் பெட்டி வருவதற்குத் தை மாதம் ஆயிற்று. இப்போது வெளியிலிருந்து வரும் கம்பிக்கும் காப்பு உண்டு. தொங்கும் பலகை ஆறு மணிநேரத்துக்கு மேற் பழையதாயின் அதனைக் கழற்றி எறிந்துவிடுமாறு எழுதப்பட்டிருக்கின்றது. படி போய் முடிந்தால் ஒவ்வொரு காலையும் பேரனின் கைபேசிக்கு ஒரு வரி வரும். பிழை நேர்ந்தாற் செய்தி வருவதன்று, செய்தி வராமையே பிழையின் அடையாளம். மூன்றாவது படியாக ஒரு தட்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸிலே கரவெட்டிக்குப் போய் வருகின்றது. சின்னம்மா மாதந்தோறும் ஏதேனுமொரு கோப்பைத் திறந்து முழுவதும் கேட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் ஏற்பாடு. திறந்து பார்க்காத படியைப் படியென்று கொள்வதில்லை என்று பேரன் பிடிவாதமாயிருக்கின்றான். எறும்பும் பல்லியும் வழிப்படுத்தியின் துளைகளுக்குள் குடியேறுவதை மட்டும் இன்னும் எவராலும் தடுக்க முடியவில்லை.

மாசியிலே ஒரு மாலை, விடுபட்ட படலத்தின் முடிவை முதியவரே சொல்வதாக ஏற்பட்டது. தந்தையிடம் கேட்டுக் கேட்டு மனத்திலே பதிந்த பயன். முற்றத்திலே நாற்காலி போட்டு, பேரன் கைபேசியை எதிரே வைத்தான். முதியவர் சால்வையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமினார்.

"தம்பி, போட்டாச்சோ? ஓடுதோ?"

"ஓமோம், அம்மப்பா."

பதிவுகளின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிச் செப்பனிட்டு வைப்பது பேரனின் வழக்கம். இதனை அவன் வெட்டவில்லை. அன்றிரவே கோப்பு சிங்கப்பூர் வழியே போயிற்று. மறுநாள் காலை கைபேசிக்கு வழமையான வரி வந்தது. ஆயினும் அவன் சின்னம்மாவுக்கு எடுத்து, இப்போதே திறந்து கேட்கச் சொன்னான். அவர் பத்து நிமிடம் பேசாமற் கேட்டார்.

"வந்திட்டுது, முழுக்க வந்திட்டுது. ஆனா இடையிலை ஒரு நாய் குலைக்குது. அது எங்கடை நாயோ, பக்கத்து வீட்டு நாயோ?" என்றார்.